வழி தெரிந்தவரின் மனைவி

காலர்காரியின் கணவருக்குத் தலைநகரம் அத்துப்படி என்று தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மகனின் நேர்முகத் தேர்வோ மாமியாரின் கண் ஆபரேஷனோ, எதற்காக யார் அங்கே கிளம்பினாலும் முதலில் அவரிடம் வழி கேட்டுக்கொண்டுதான் பெட்டி கட்டுவார்கள். அவரும் நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு, ரயிலை விட்டு இறங்கியதும் வலது பக்கம் திரும்ப வேண்டும், எந்த டாக்ஸிக்காரனை நம்பக் கூடாது, வெற்றி வளைவைப் பார்க்க எத்தனை மணிக்குப் போனால் வெயில் முகத்தில் அடிக்காது என்றெல்லாம் வாய் கூசாமல் எடுத்து விடுவார். பகலெல்லாம் எடைமேடையில் லாரிகளை நிறுத்துவிட்டு வருகிற மனிதர், வீட்டுக்கு வந்ததும் அளக்க ஆரம்பித்துவிடுவார். தெரு அவருக்குத் 'தலைநகர்' என்றே பெயர் வைத்திருந்தது. அப்படிக் கூப்பிட்டால் அவருக்கு உச்சி குளிர்ந்துபோகும்.

அந்த ஊரை அவர் கண்ணால் பார்த்ததில்லை.

இது உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரியும். ஒருவர் அவர், இன்னொருத்தி காலர்காரி. பள்ளிச் சீருடை தைக்கும் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாகச் சட்டைக் காலர் மட்டுமே தைப்பதால் அவளுக்கு அந்தப் பெயர். முனை மழுங்கிய காலரைப் பார்த்தால், பஸ்ஸில் முன்னால் நிற்கிற யாரோ ஒருவருடைய சட்டையாக இருந்தாலும், அவளுக்குக் கை பரபரக்கும். புருஷனைப் பார்த்தாலும் கொஞ்ச வருஷமாக அப்படித்தான் இருந்தது. பிரித்துத் தைக்கத்தான் வழியில்லை.

கல்யாணமான புதிதில் அவர் அவளைத் தலைநகரத்துக்குக் கூட்டிப்போவதாக ஊரெல்லாம் சொல்லிவிட்டுக் கிளம்பினார். வழியில் ஒரு பெரிய ஜங்ஷனில் ரயில் மாற வேண்டும். அங்கே நடைமேடைக் கூட்டத்தைப் பார்த்ததும் மனிதருக்கு முகம் வெளிறிவிட்டது. அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்த கை வியர்த்து வழுக்கியது. "கூட்டமா இருக்கு, அடுத்த வண்டில போலாம்" என்றார். அடுத்த வண்டியும் போயிற்று. அதற்கடுத்த வண்டி வந்தபோது, "அந்த ஊர்ல இப்போ தண்ணி சரியில்லையாம்" என்றார். ஜங்ஷனுக்கு எதிரே இருந்த லாட்ஜில், தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று ஜன்னலைக்கூடத் திறக்காமல், ஐந்து நாள் இருந்தார்கள். நாலாம் நாள் பக்கத்துத் தெரு ஸ்டுடியோவுக்குப் போனார்கள். அருவி வேண்டுமா, விமானம் வேண்டுமா, தலைநகரம் வேண்டுமா என்று ஸ்டுடியோக்காரர் திரைகளைப் புரட்டிக் காட்டினார். அந்தப் படம்தான் இருபத்தாறு வருஷமாக வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. பின்னால் வெற்றி வளைவு, அதற்கு இந்தப் பக்கம் நீரூற்று, அந்தப் பக்கம் பாராளுமன்றக் குவிமாடம். முன்னால் இவர்கள் இரண்டு பேரும் கை கோத்துக்கொண்டு. திரை இரண்டு துணியை ஒட்டுப் போட்டது. நூல் தளர்ந்த கோணல் தையல் ஒன்று வானத்தின் நட்டநடுவில் ஓடுவதை அவள் அன்றைக்கே பார்த்துவிட்டாள். பார்த்த கண்ணுக்கு அதற்குப் பிறகு அந்தப் படத்தில் வேறு எதுவுமே தெரியவில்லை.

அவர் பயந்ததை அவள் தப்பாக நினைக்கவில்லை. பயம் யாருக்குத்தான் இல்லை? ஆனால் திரும்பி வரும் ரயிலிலேயே, பக்கத்து சீட்டுக்காரரிடம், "இப்பதான் தலைநகரத்துலேர்ந்து வர்றோம்" என்று ஆரம்பித்தாரே, அதுதான் அவளுக்கு நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. ஊருக்குச் சொல்ல வேண்டாம். அவளிடம் தனியாக ஒரே ஒரு தடவை, "நான் பயந்துட்டேன்" என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தைக்கு அவள் இருபத்தாறு வருஷம் காத்திருந்தாள். மனிதர் வாயில் உலகத்து வார்த்தையெல்லாம் வந்தது, அது மட்டும் வரவில்லை. எடைமேடைக்கு வரும் லாரி டிரைவர்களிடம் தலைநகரத்தைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டு, கேட்டதை எல்லாம் தான் பார்த்ததாகத் தெருவில் பரப்பினார். அவர் சொன்ன வழியில் போய்த் தொலைந்தவர்கள், தங்களுக்குத்தான் புத்தி போதவில்லை என்று சும்மா இருந்துவிட்டார்கள்.

இதில் இன்னொரு கூத்து உண்டு, அது அவருக்கே தெரியாது. ஆறு வருஷத்துக்கு முன்னால் கம்பெனியில் புது மெஷின் வாங்கினார்கள். அதில் பயிற்சி எடுக்க இரண்டு பேரைத் தலைநகரத்துக்கு அனுப்ப வேண்டும். "நீதான் ஏற்கெனவே போயிருக்கியேம்மா, வழி தெரியும்" என்று சூப்பர்வைசர் காலர்காரியின் பெயரை எழுதிவிட்டார். கூட வந்தவள் பொத்தான் வைக்கும் அக்கா. அவளுக்கு அடுத்த தெருவுக்கே வழி தெரியாது. புருஷன் விட்ட கதைக்குப் பொண்டாட்டி பதில் சொல்ல வேண்டியதாயிற்று. ரயிலை விட்டு இறங்கியதும் அவர் சொல்கிறபடி வலது பக்கம் திரும்பினாள். போய்ச் சேர்ந்தது பார்சல் ஆபீஸ். அங்கேயே நின்று ஒரு மூச்சு அழுதாள். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பார்த்தவர்களை எல்லாம் கேட்டுக் கேட்டு நடந்தாள். பதினோரு நாளில் மெட்ரோ, சுரங்கப்பாதை, மலிவான சாப்பாட்டுக்கடை எல்லாம் கைவந்துவிட்டது. கடைசி நாள் வெற்றி வளைவின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தபோது, இதற்காகவா அந்த மூடின ஜன்னலுக்குள் ஐந்து நாள் கிடந்தோம் என்று அவளுக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. வீட்டில் மட்டும், பயிற்சி பக்கத்து ஊர்க் கிளையில் என்றுதான் சொல்லியிருந்தாள்.

இப்போது அவளுடைய தம்பி, மருந்துக்கடையில் வேலை பார்ப்பவன், நாலு நாள் லீவு சேர்ந்தாற்போல் வந்ததும், நாமெல்லாம் தலைநகரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருவோம் என்று டிக்கெட் எடுத்துவிட்டான். "மாமா இருக்கும்போது கைடு எதுக்கு?" என்றான். மாமா முழங்கால் வலி என்றார், தைலம் வந்து இறங்கியது. எடைமேடையில் லீவு தர மாட்டார்கள் என்றார், தம்பி முதலாளியிடமே பேசி லீவு வாங்கிவிட்டான். அந்த ஒரு வாரமும் தலைநகர் எடைமேடையில் டிரைவர்களை நிறுத்தி வைத்து நோட்டில் குறிப்பு எடுத்தாராம். பரீட்சைக்குப் படிக்கிற வயதில் இவ்வளவு படித்திருந்தால் எங்கேயோ போயிருப்பார்.

ரயிலை விட்டு இறங்கியதும் அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வலது பக்கம் நடந்தார். தம்பியும் அவன் மனைவியும் பெட்டியை இழுத்துக்கொண்டு பின்னால் போனார்கள். காலர்காரி எல்லாருக்கும் கடைசியாக நடந்தாள். பார்சல் ஆபீஸ் வந்தது.

"எல்லாத்தையும் மாத்தித் தொலைச்சிருக்கானுங்க" என்றார் அவர்.

அன்று முழுக்க அதே பாட்டுத்தான். பத்து நிமிஷத்தில் போகிற அருங்காட்சியகத்துக்கு இரண்டு மணி நேரம் கால் கடுக்க நடக்க வைத்தார். மெட்ரோவில் மட்டும் ஏறவே மாட்டேன் என்றார். ஊரைப் பார்க்க வந்தவன் பூமிக்கு அடியில் போவானா என்று கேட்டார். கேள்வி நியாயம்தானே என்று தம்பி மனைவி, பாவம், கொப்புளம் வந்த காலோடு தலையாட்டினாள். போன இடத்தில் எல்லாம் இவருக்கு இளக்காரம் வேறு. இதெல்லாம் ஒரு பூங்காவா, இதெல்லாம் ஒரு பாலமா, எங்க காலத்துல பார்த்திருக்கணும்! காலர்காரிக்குச் சிரிப்பும் வந்தது, பற்றிக்கொண்டும் வந்தது. அவர் எந்த முக்கில் திரும்ப வேண்டும், எங்கே திரும்பாமல் போகிறார் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டு தெரியாதவர் பின்னால் நடப்பது அவளுக்குப் புதிதும் இல்லை.

மறுநாள் வெற்றி வளைவு. தம்பி போனை எடுத்தான். வீட்டுச் சுவரில் தொங்கும் படத்தை அதில் பிடித்து வைத்திருந்தான்.

"மாமா, இதுதான் என் பிளான். நீங்களும் அக்காவும் அன்னைக்கு நின்ன அதே எடத்துல நிக்கணும். அதே மாதிரி கை கோத்துக்கணும். பழசையும் புதுசையும் சேத்து ஃபிரேம் போட்டுத் தரப்போறேன்."

தலைநகர் சுற்றுமுற்றும் பார்த்தார். வளைவு இருந்தது. நீரூற்று அதற்குப் பின்னால், எதிர்த் திசையில் இருந்தது. குவிமாடம் ஆற்றுக்கு அந்தக் கரையில், இங்கிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. மூன்றும் ஒன்றாகத் தெரிகிற இடத்தைத் தேடி நாலு பேரும் அந்த மைதானத்தை மூன்று சுற்றுச் சுற்றினார்கள். "நீரூற்ற இடம் மாத்திட்டானுங்க" என்று அவர் முணுமுணுத்தார். காலர்காரிக்கு அந்த நேரத்தில் அவர்மேல் இரக்கமே வந்துவிட்டது. ஆமாம், மாற்றிவிட்டார்கள் என்று தானும் சேர்ந்து சொல்லிக் காப்பாற்றிவிடலாம் என்று வாயெடுத்தாள்.

அதற்குள் தம்பி, அங்கே கேமராவும் கையுமாக நின்றிருந்த படம் எடுப்பவரிடம் போனை நீட்டிவிட்டான். தலை நரைத்த மனிதர். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"நாப்பது வருஷமா இங்கதான் படம் எடுக்கறேன் தம்பி. நீரூற்று எப்பவும் அங்கதான். இது ஸ்டுடியோ திரை. இங்க பாருங்க, வானத்துல தையல் ஓடுது."

தம்பி படத்தைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான். தம்பி மனைவி செருப்பைப் பார்த்தாள். தலைநகர் திருதிருவென்று விழித்தார். பிறகு ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, மைத்துனன் தோளில் கை போட்டார்.

"சொல்ல வேணாம்னுதான் இத்தனை வருஷம் வெச்சிருந்தேன். உங்க அக்காதான் ஜங்ஷன்ல கூட்டத்தப் பாத்துப் பயந்துட்டா. அழுதுட்டா பாவம். நாலு பேரு அவளக் கேலி பண்ணக் கூடாதுன்னு நான்தான் திரைய வெச்சுப் படம் எடுத்தேன்."

காலர்காரி காத்திருந்த வார்த்தை வந்தேவிட்டது, அவள் தலையில் ஏறி. தம்பி உச்சுக்கொட்டினான். "அட போக்கா, எங்கிட்ட சொல்றதுக்கென்ன?" என்றான். தம்பி மனைவி, "வாங்க அண்ணி, பயப்படாதீங்க, நான் இருக்கேன்" என்று சாலையைக் கடக்க அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

காலர்காரி அந்தக் கையை மெல்ல விடுவித்தாள்.

"இங்க கடக்கக் கூடாது. சுரங்கப்பாதை அந்தப் பக்கம். என் பின்னாடி வாங்க."

விடுவிடுவென்று நடந்தாள். சுரங்கப்பாதையில் இறங்கி, இரண்டாவது பிரிவில் இடது பக்கம் திரும்பினாள். மெட்ரோ நிலையத்தில் மெஷினில் நாலு டிக்கெட் எடுத்தாள். "மூணாவது பெட்டில ஏறுங்க, எறங்கினா படிக்கட்டு நேரா இருக்கும்" என்றாள். மூன்று பேரும் வாயைப் பிளந்துகொண்டு ஏறினார்கள். வண்டி கிளம்பியதும் தலைநகர் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கம்பியில் அவர் கை வழுக்கியது. அந்த வியர்வை அவளுக்கு நன்றாகத் தெரிந்த வியர்வை.

"அக்கா, உனக்கு எப்படி இதெல்லாம்..." என்றான் தம்பி.

"ஆறு வருஷத்துக்கு முன்னாடி கம்பெனில அனுப்பினாங்க. பதினோரு நாள் இருந்தேன். பயந்தது நான் இல்லடா. மூணு வண்டிய விட்டுட்டு லாட்ஜுக்குக் கூட்டிட்டுப் போனது யாருன்னு உங்க மாமாவையே கேளு."

தம்பி கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லாமல் மாமாவின் முகம் இருந்தது. அடுத்த நிலையம் தாண்டியதும் அவர் ரகசியக் குரலில், அதுவும் குற்றம் சாட்டுகிற மாதிரி கேட்டார்:

"நீ வந்தத எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க வழி சொல்லுவீங்க."

தம்பி மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, இருமலாக மாற்றிக்கொண்டாள். காலர்காரி சிரிக்கவில்லை.

"ஒண்ணே ஒண்ணு செய்ங்க. ஊருக்குப் போனதும் மொதல்ல யாரு வந்து கேட்டாலும், நான் இப்பதான் மொத தடவையா போயிட்டு வந்தேன்னு உங்க வாயால நீங்களே சொல்லிடுங்க. வேற எதுவும் எனக்கு வேணாம். நானும் அதோட விட்டுடறேன்."

அவர் தலையை ஆட்டினார். மிச்சமிருந்த இரண்டு நாளும் அவள் பின்னாலேயே சமர்த்தாக வந்தார். இருபத்தாறு வருஷத்துக் கசப்பு இருந்தும், அவள் அந்தத் தலையாட்டலை நம்பினாள். நம்ப ஆசைப்பட்டாள் என்பதுதான் சரி.

திரும்பி வந்த மறுநாள் சாயங்காலம், வீட்டு மெஷினில் யாருக்கோ சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுத் தபால்காரர் வந்தார். மகளைத் தலைநகரத்துக் கல்லூரியில் சேர்க்கப் போகிறாராம். நாற்காலியை இழுத்துப் போட்டுத் தலைநகருக்கு எதிரே உட்கார்ந்தார்.

"போயிட்டு வந்தீங்களாமே? ஊரு எப்படி இருக்கு இப்போ?"

காலர்காரி மிதிப்பதை நிறுத்தினாள். மெஷின் சத்தம் நின்றதும் அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். கூடத்துச் சுவரில் தொங்கிய படத்தைப் பார்த்தார். தபால்காரரின் பயபக்தியான முகத்தைப் பார்த்தார். அதைப் பார்த்ததும் மனிதருக்குத் தாங்கவில்லை.

"அத ஏன் கேக்கறீங்க," என்று காலை நீட்டினார். "எங்க காலத்துல பார்த்த ஊரே இல்ல. எல்லாமே மாறிப்போச்சு."

"ஒண்ணும் மாறல" என்றாள் காலர்காரி, ஊசிக்கடியில் இருந்த துணியிலிருந்து கண்ணை எடுக்காமல். "மொத தடவையா பாக்கறவருக்கு அப்படித்தான் இருக்கும்."

தபால்காரர் அவளைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். நீட்டின கால் மெதுவாக உள்ளே போவதையும் பார்த்தார். இருபது வருஷம் வீடு வீடாகக் கடிதம் கொடுத்தவருக்கு, எந்த வீட்டில் யாரிடம் கேட்க வேண்டும் என்று சொல்லித் தர வேண்டியதில்லை. எழுந்து நாற்காலியைத் தூக்கி, தையல் மெஷின் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"நீ சொல்லும்மா. ரயில விட்டு எறங்கினதும் எந்தப் பக்கம் போகணும்?"

"எடது பக்கம்" என்றாள் அவள்.