கச்சான் தோட்டத்து ஆண் சிங்கங்கள்

எங்கள் வீட்டில் அப்போது இரண்டு ஆண் சிங்கங்கள் இருந்தோம். ஒன்று பெரியப்பா. மற்றது நான். பெரியப்பாவுக்குப் பல் விழத் தொடங்கியிருந்தது. எனக்கு விழுந்த பல் இன்னும் முளைக்கவில்லை. மற்றபடி பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. இருவருமே ஒரு துரும்பைத் தூக்கி அங்காலே போடமாட்டோம். சாப்பாடு மட்டும் இருவருக்கும்தான் முதலில்.

வீடு மல்லாவிக்குப் பக்கத்தில், குளத்து வாய்க்கால் ஓடுகிற ஒரு குடியேற்றத் திட்டத்தில். அப்பா கட்டாரில் கட்டட வேலையில் இருந்தார். வயலும் மேட்டுக்காணியும் இரண்டு மாடுகளும் அம்மா, அம்மாவின் தங்கையான சித்தி, என் அக்கா என்ற மூன்று பேரின் கையில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தன. அந்த நேரம் பார்த்து, "ஆம்பிளை இல்லாத வீடு, காவல் வேணும்" என்று சொல்லிக்கொண்டு அப்பாவின் தமையன் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பையோடு வந்து இறங்கினார். எதிலிருந்து காவல் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். இதை எழுதும்போதே எனக்குக் காது சூடாகிறது.

பெரியப்பா தன்னை ஆம்பிளைச் சிங்கம் என்றுதான் சொல்லிக்கொள்வார். என்னையும் சேர்த்துக்கொண்டார். "நீயும் நானும் ஆம்பிளைச் சிங்கமடா" என்று அவர் தோளில் தட்டினால் நான் ஒரு சாண் உயர்ந்துவிடுவேன். ஆனால் சிங்கம் என்ன செய்து பிழைக்கிறது என்று இருவருக்குமே தெரியாது. எங்கள் பக்கக் காட்டில் யானை உண்டு, கரடி உண்டு, சிறுத்தைகூட உண்டு. சிங்கம் நாட்டின் கொடியில் மட்டும்தான் உண்டு. அதுவும் வாள் பிடித்தபடி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தொலைக்காட்சியில் உண்மையான சிங்கம் வந்தது. பெரியப்பா கதிரையில் சாய்ந்திருந்தார். நான் அவருடைய காலடியில். அக்கா கீழே இருந்து மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். கம்பீரமான ஒரு குரல் இந்தியத் தமிழில் விளக்கியது: பெண் சிங்கங்கள்தான் கூட்டாகச் சேர்ந்து பெரும்பாலான வேட்டையைச் செய்கின்றனவாம். அவை ஓடி, விழுந்து, மிதிபட்டு ஒரு மாட்டைச் சாய்த்ததும், அதுவரை மரநிழலில் கிடந்த ஆண் சிங்கம் எழும்பி வந்து முதல் பங்கைச் சாப்பிடுமாம்.

அக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"பெரியப்பா, உங்களைப் படம் பிடிச்சுப்போட்டாங்கள்!"

வேறு யாராக இருந்தாலும் வெட்கப்பட்டிருப்பார்கள். பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். ஏனென்றால் அந்தக் குரல் அடுத்ததாக, எல்லையைச் சுற்றி வந்து வெளியார் நுழையாமல் கூட்டத்தைக் காப்பது ஆண் சிங்கத்தின் வேலை என்று சொல்லிவிட்டது.

"கேட்டியே பிள்ளை? காவல்! வேட்டை உங்கட வேலை, காவல் எங்கட வேலை. இயற்கை பிரிச்சு வைச்சிருக்கு."

"ஓம், ஓம். அதோட இன்னொண்டும் சொன்னது. ஆண் குட்டி வளர்ந்தா கூட்டத்தை விட்டுக் கலைச்சுப்போடுங்களாம். பெண் குட்டிதான் பிறந்த இடத்தில தாயோட இருக்குமாம்" என்று அக்கா என்னைப் பார்த்துச் சொன்னாள்.

 குசினிக்கு ஓடிப்போய், என்னையும் துரத்திக் கலைப்பீர்களா என்று அடுப்படியில் நின்ற அம்மாவிடம் கேட்டேன். "இப்ப இந்தக் குசினியை விட்டு ஓடு" என்றார் அம்மா. அதைப் பாதிக் கலைப்பு என்று எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அன்றிலிருந்து பெரியப்பாவுக்குச் சட்டப் புத்தகம் கிடைத்த மாதிரி ஆயிற்று. விறகு கொத்தச் சொன்னால் காவல். தண்ணீர் இறைக்கச் சொன்னால் காவல். சிங்கத்தின் கர்ச்சனை பல மைல் தூரம் கேட்கும் என்று அந்தக் குரல் சொன்னதையும் அவர் மறக்கவில்லை. கதிரையில் இருந்தபடி அவர் "தேத்தண்ணி!" என்று கர்ச்சித்தால் வாய்க்காலுக்கு அங்கால் உள்ளவர்களும் அடுப்பு மூட்டுவார்கள். நானும் சும்மா இருக்கவில்லை. வீடு கூட்டுகிற தும்புத்தடியைப் பிரித்து, தும்பைக் கயிற்றில் கட்டிப் பிடரிமயிர் செய்தேன். கழுத்தைச் சுற்றிக் கட்டினால் அரி அரியென்று அரிக்கும். ஆனாலும் ராசா அல்லவா, தாங்கிக்கொண்டேன். தும்பில்லாத தடியால் அம்மா முதுகில் போட்டதையும் தாங்கிக்கொண்டேன்.

இனிக் கச்சானுக்கு, அதாவது நிலக்கடலைக்கு, வருகிறேன்.

அந்த வருடம் அக்கா பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சை எழுதவிருந்தாள். எங்கள் பள்ளிக்கூடத்தில் அதற்கடுத்த உயர்தர வகுப்புக்குக் கலைப்பிரிவு மட்டும்தான். அவளுக்கோ விஞ்ஞானம் படிக்க வேண்டும். தவளையை வெட்டிப் பார்க்க வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே ஒரு ஆசை. விஞ்ஞானம் என்றால் கிளிநொச்சியில் தங்க வேண்டும். அப்பா அனுப்புவது வீட்டுக்கும் வயலுக்கும் சரியாகிவிடும். ஆகவே அம்மாவும் சித்தியும் மேட்டுக்காணியில் கச்சான் போட்டார்கள். "இது உன்ர கச்சான். இதைப் பிடுங்கி வித்தால் நீ கிளிநொச்சி" என்று அம்மா அக்காவிடம் சொன்னார். அக்கா விடியற்காலையில் பள்ளிச் சட்டையோடு போய்க் களை பிடுங்கிவிட்டு, அந்த மண்ணோடேயே பள்ளிக்கூடம் போவாள்.

பிடுங்குவதற்கு முதல் நாள். எங்கள் ஊரில் இன்றைக்கு நாங்கள் அடுத்த காணியில் பிடுங்கிக் கொடுத்தால் நாளைக்கு அவர்கள் வந்து எங்களுக்குப் பிடுங்கித் தருவார்கள். அதனால் மூன்று பெண்களும் அடுத்த காணிக்குப் போகவேண்டியிருந்தது. நாளைய அறுவடையை நினைத்து அம்மா காலையிலேயே வீட்டுச் சேவலை அறுத்துக் கறி வைத்துவிட்டார். தினமும் நேரத்துக்குக் கூவி, எங்கள் வீட்டில் தன் வேலையைத் தவறாமல் செய்துவந்த ஒரே ஆண் அந்தச் சேவல்தான். அதைத்தான் அறுத்தார்கள்.

"அத்தான், குரங்கு வரும். கொஞ்சம் பாத்துக்கொள்ளுங்கோ" என்றார் அம்மா பெரியப்பாவிடம்.

"அதுக்குத்தானே நாங்கள் இருக்கிறம்" என்றார் பெரியப்பா. நான் பிடரிமயிரைச் சரிசெய்துகொண்டேன்.

காவலுக்கு எங்களிடம் இருந்தது ஒரு பழைய தகரமும் ஒரு தடியும். தட்டினால் குரங்கு ஓடிவிடும். பெரியப்பா கொஞ்ச நேரம் தட்டினார். பிறகு நான் தட்டினேன். பிறகு பெரியப்பா, காவல் காப்பவன் பயிரின் தரத்தையும் அறிந்திருக்க வேண்டும் என்று சொல்லி நாலைந்து செடிகளைப் பிடுங்கிச் சருகுக்குள் போட்டுச் சுட்டார். வயிறு முட்டத் தின்றோம். பாலை மரத்து நிழலில் சாக்கை விரித்து, தகரத்தைத் தலையணையாக வைத்து, பெரியப்பா தொலைக்காட்சியில் பார்த்த அதே மாதிரி ஒருக்களித்துச் சாய்ந்தார். நானும் பக்கத்தில் அதே மாதிரிச் சாய்ந்தேன். குட்டி அப்படித்தானே பழகும்.

நான் கண் விழித்தபோது காணி முழுவதும் குரங்கு. தாய்க்குரங்குகள் வயிற்றில் குட்டியைத் தொங்கப்போட்டபடி வரிசை வரிசையாகப் பிடுங்கிக்கொண்டிருந்தன. தாட்டான் எனப்படும் பெரிய ஆண் குரங்கு ஒன்று வேலிக்கட்டையில் ஏறி இருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. அது காவல். அன்றைக்கு அந்தக் காணியில் காவல் வேலையை ஒழுங்காகச் செய்த ஆண் அது ஒன்றுதான்.

"பெரியப்பா! குரங்கு!"

"கர்ச்சியடா" என்று சொல்லிவிட்டு அவர் மற்றப் பக்கம் திரும்பினார். தகரமும் அவரோடு திரும்பியது.

நான் நாலு காலில் நின்று கர்ச்சித்தேன். முன்பல் இல்லாத வாயிலிருந்து கர்ச்சனை வருமா? காற்றுத்தான் வந்தது. பக்கத்திலிருந்த ஒரு தாய்க்குரங்கு நிமிர்ந்து என்னைப் பார்த்தது. பிடரிமயிரைப் பார்த்தது. கச்சான் கோதுகளை என் பக்கம் துப்பிவிட்டு அடுத்த செடியைப் பிடுங்கியது.

சித்தியின் சத்தம் கேட்டுத்தான் அவை கடைசியில் ஓடின. மூன்று பேரும் வேலை முடிந்து மண் அப்பிய கையோடு வந்துகொண்டிருந்தார்கள். அடுத்தவர் காணியில் காலை முழுவதும் குனிந்த இடுப்பு இன்னும் நிமிர்ந்திருக்காது. அதற்குள் சித்தி ஓடி வந்தார்.

"ஐயோ, எல்லாத்தையும் உழுது போட்டுதுகளே! ஆம்பிளைச் சிங்கமாம்! தகரத்தில தட்டக்கூட ஏலாத சிங்கம்! ஒரு நாய் நிண்டிருந்தாலும் குலைச்சிருக்குமே!"

பெரியப்பா கண்ணைக் கசக்கிக்கொண்டு எழும்பினார். "குரங்குக்கு என்ன செய்யிறது? அடிச்சால் பாவமல்லோ."

"பாவமோ? ஆருக்குப் பாவம்? அந்தப் பெட்டையைப் பாருங்கோ, அதுதான் பாவம்!"

அக்கா காணிக்குள் இறங்கி, கிளறிக் கிடந்த மண்ணைக் கையால் தடவித் தடவி, குரங்கு விட்டுப்போன கச்சானைப் பொறுக்கிப் பாவாடையில் போட்டாள். நான் உதவப் போனேன். என் பிடரிமயிரைக் கயிறோடு பிடித்து இழுத்து அறுத்து எறிந்தாள். கழுத்தில் அந்த எரிவு இரண்டு நாள் இருந்தது.

அம்மா காணியை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுப் பெரியப்பாவின் முன்னால் வந்து நின்றார். அம்மாவின் கோபத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கோபம் கூடக் கூட அவருடைய வாயில் மரியாதையும் கூடும். என்னை "டேய்" என்றால் சமாதானம். "வாங்கோ தம்பி" என்றால் நான் வேலி பாயவேண்டும்.

"அத்தான்" என்றார் மிகவும் மெதுவாக. "நீங்கள் களைச்சுப்போனியள். வீட்டுக்கு வாங்கோ. ஆறுதலா இருங்கோ. இண்டைக்கு நாங்கள் சாப்பிட்ட பிறகு நீங்கள் சாப்பிடுங்கோ." பிறகு என்னைப் பார்த்தார். "நீங்களும்தான், தம்பி."

மிஞ்சிய கச்சான் வீட்டுக்கும் விதைக்கும்தான் காணும் என்று பிறகு தெரிந்தது. அக்கா எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே கலைப்பிரிவு படித்தாள். பல வருடங்கள் கழித்து என் முறை வந்தபோது வீட்டில் எப்படியோ வழி பிறந்தது. என்னைக் கிளிநொச்சியில் தங்கவைத்து விஞ்ஞானம் படிக்க வைத்தார்கள். எனக்குத் தவளையைக் கண்டாலே வாந்தி வரும். நான் படித்துக் கிழித்ததை இங்கே விவரித்து உங்கள் நேரத்தை வீணாக்கவில்லை. அக்கா சொன்னபடியே ஆண் குட்டி கூட்டத்தை விட்டுப் போய் இன்றைக்குக் கொழும்பில் கிடக்கிறது. அவள் இன்னும் மல்லாவியில்தான், அம்மாவுக்கும் சித்திக்கும் பக்கத்தில்.

அன்றைக்கு அந்தி சாய்கிற நேரம் குசினிக்குள் மூன்று சோற்றுக் கோப்பைகள் வைக்கிற சத்தம் கேட்டது. அந்த வீட்டில் பெண்கள் முதலில் சாப்பிட உட்கார்ந்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை. நானும் பெரியப்பாவும் வெளியே கதிரைகளில். சேவல் கறி மணந்தது. எலும்பு கடிபடுகிற சத்தம்கூடக் கேட்டது. எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்ல! கச்சான் போன கோபம் அல்ல, அக்காவின் கிளிநொச்சி போன கோபமும் அல்ல. சேவலின் கால் இரண்டும் போகப்போகிறதே என்ற கோபம். அவை வழக்கமாக ஒன்று பெரியப்பாவுக்கு, ஒன்று எனக்கு.

"சிங்கத்தைப் பட்டினி போடுகினமடா" என்று பெரியப்பா முணுமுணுத்தார்.

"ஓம்" என்றேன். கண்ணீர் வந்தது.

கடைசியில் அம்மா வாசலில் வந்து நின்றார். "வாங்கோ. வந்து சாப்பிடுங்கோ." கண் சிவந்திருந்தது. அக்கா எங்களைப் பார்க்காமல் கை கழுவப் போனாள். அவர்களுடைய கோப்பைகளில் கழுத்தெலும்பும் செட்டையெலும்பும் முதுகெலும்பும் சப்பிப் போட்டபடி கிடந்தன.

நான் ஓடிப்போய்ச் சட்டியைத் திறந்தேன். கால் இரண்டும் தொடையோடு அப்படியே குழம்புக்குள் கிடந்தன. ஈரலும் கிடந்தது.

பெண்களுக்குக் கால் பிடிக்காதாக்கும் என்று நினைத்தேன். ஒன்றைப் பெரியப்பா எடுத்தார். மற்றதை நான் எடுத்தேன்.