வெர்னா கோலாரிக் சுட்ட விரல்கள்

வெர்னா கோலாரிக்குக்குக் கோபம் வந்தால் பேச்சு குறையும். அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் சமையலறைக்குள் நான் நுழைந்தபோது அவள் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. திராட்சைக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாள். உட்கார்ந்து தோலுரிக்க ஆரம்பித்தேன்.

மறுநாள் ஆலையின் ஹாலோவீன் விருந்து. எங்கள் ஊரில் பன்றிக்கறி ஆலையை விட்டால் வேறு பிழைப்பு கிடையாது. அதனால் ஆலை விருந்துதான் ஊர் விருந்து. பிள்ளைகள் சூனியக்காரி, எலும்புக்கூடு என்று வேஷம் கட்டிக்கொண்டு வரும். பலகாரம் முழுக்க வெர்னா பொறுப்பு. முட்டை வெள்ளைக்கருவைச் சர்க்கரையோடு நுரைக்க அடித்து, பிழிந்து சுட்ட குட்டிப் பேய்கள். பரங்கிக்காய் கேக், அதன் மேல் பாகில் இழைத்த சிலந்தி வலை. எல்லாவற்றுக்கும் மேலே விரல் பிஸ்கட். மாவை விரலாக உருட்டி, கத்தி முதுகால் மூட்டுக்கு மூட்டு கோடு போட்டு, நுனியில் பாதாம் பருப்பை நகமாக அழுத்தி, நகத்தைச் சுற்றிச் சிவப்பு ஜாம் தடவிச் சுடுவாள். பார்த்தால் வெட்டிப் போட்ட விரலேதான்.

விருந்தில் பெரிய வேடிக்கை கறுப்புத் துணி மேசை. மேசைமேல் வரிசையாகக் கிண்ணங்கள், அவற்றை மூடி ஒரு கறுப்புத் துணி. ஒருவரின் கண்ணைக் கட்டி உட்கார வைத்து, செத்தவன் கதை ஒன்றைச் சொல்லிக்கொண்டே வெர்னா அவர் கையைத் துணிக்கடியில் கொண்டுபோவாள். இது செத்தவன் கண் என்பாள். அது தோலுரித்த திராட்சை. குடல் என்பாள், எண்ணெயில் பிரட்டி ஆறவைத்த நூடுல்ஸ். மூளை என்பாள், குழைய வெந்த காலிபிளவர். கடைசியாகக் கை. ரப்பர் கையுறையில் தண்ணீர் ஊற்றி உறையவைத்து, கையுறையை உரித்து எடுத்த பனிக்கட்டிக் கை. அது யாருடைய கை என்று கேட்பாள். தொட்டவர் ஒரு பெயர் சொல்ல வேண்டும். சொன்னால்தான் கண்கட்டு அவிழும். பாதிப் பேர் மாமியார் பெயரைச் சொல்வார்கள். பிறகு வெர்னா எதைக் கொடுத்தாலும் தின்றாக வேண்டும்.

வருஷா வருஷம் முதலில் உட்காருவது ஆலை மேலாளர் தார்சன். அவர் அலறுவதைப் பார்க்கப் பிள்ளைகள் முட்டி மோதும்.

அந்த வசந்தத்தில் ஆலையின் கறி வெட்டும் ரம்பம் வெர்னாவின் இடது கையில் மோதிர விரலையும் சுண்டு விரலையும் எடுத்துக்கொண்டது. ரம்பத்துக்கு ஒரு காப்புத் தகடு உண்டு. தகடு இருந்தால் கறி மெதுவாகப் போகும். மெதுவாகப் போனால் பின்னால் வரும் லைன் முழுக்க நிற்கும். அதனால் கழுவுவதற்கென்று கழற்றிய தகட்டை யாரும் திரும்ப மாட்டவில்லை. ஆலை என்ன எழுதியது? தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதியது. வெர்னாவை ஏப்ரன் துவைக்கும் இடத்தில் போட்டார்கள். அந்த வேலை ஒப்பந்தத்தில் கிடையாது. தார்சன் மனசு வைத்துக் கொடுத்தது. அவர் மனசு மாறினால் போய்விடும்.

நான் தொழிலாளர் சங்கத்தின் சார்பில் தகடு கேட்டேன். ஆர்டர் போட்டிருக்கிறோம் என்றார் தார்சன். மறுபடி கேட்டேன். வந்துகொண்டிருக்கிறது என்றார். துண்டறிக்கை அடித்து ஆலைக் கேட்டில் நின்று கொடுத்தேன். அதை வைத்து ஜனங்கள் கார் கண்ணாடியைத் துடைத்தார்கள். தார்சன் கெட்டவர் இல்லை. எல்லார் பிள்ளைகள் பேரும் தெரிந்த மனுஷர். கெட்டவராக இருந்தால் எனக்கு வேலை சுலபம்.

அந்த வெள்ளிக்கிழமை காலை ஆலைத் தகவல் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். திங்கட்கிழமை முதல் அந்த ரம்பத்துக்கு ஜோலீன். வெர்னாவின் தங்கை மகள், தாய் போன பிறகு வெர்னா வீட்டில் வளர்ந்த பெண். ரம்பத்தில் நின்றால் மணிக்கூலி கூடுதல். வாங்குவதற்குப் பழைய கார் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தாள்.

ஜோலீன் குளிருக்குக் கையைத் தேய்த்துக்கொண்டே சமையலறைக்குள் வந்தாள். வெர்னா அவள் வலது கையை இழுத்து மாவுப் பலகையில் வைத்தாள். உருட்டிய மாவை ஆள்காட்டி விரலுக்குப் பக்கத்தில் வைத்து, மிச்சத்தை வெட்டினாள். மூட்டு எங்கே வருகிறதோ அங்கே கோடு போட்டாள்.

"என்ன பெரியம்மா, என் விரலையே சுடப் போறியா?"

"ஆட்டாம வை."

"என் நகத்தைவிட பாதாம் அழகா இருக்கு."

எத்தனை பிஸ்கட் உண்டோ அத்தனைக்கும் அந்த ஒரு விரல்தான் அளவு. ஜோலீன் சிரித்துக்கொண்டேதான் இருந்தாள். வெர்னா தலை நிமிராமல், திங்கட்கிழமை ரம்பத்துக்குப் போகாதே, தகடு இல்லை என்று சொல் என்றாள். ஜோலீனுக்கு முகம் சுருங்கியது. கார் என்றாள், வாடகை என்றாள். பிறகு சொன்னாள்:

"நீ அன்னிக்கு அசந்துட்ட பெரியம்மா. நான் அசர மாட்டேன்."

வெர்னாவின் கை பலகைமேல் நின்றது. ஆலை எழுதிய வார்த்தை வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டது. நான் திராட்சையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜோலீன் மாடிக்குப் போய்விட்டாள்.

உரித்தவரைக்கும் திராட்சையை உள்ளே வைக்கக் குளிர்பெட்டியைத் திறந்தேன். பனிக்கட்டிக் கை இல்லை. உறைய வைக்க மறந்துவிட்டாயா என்று கேட்டேன்.

"இந்த வருஷம் வேண்டாம். கை இருக்கு."

அவள் நினைப்பது புரிந்தது. ஊர் பார்க்கத் தார்சனைச் சந்தியில் நிறுத்தினால் திங்கட்கிழமையே துவைக்கிற வேலை போய்விடும் என்றேன். அந்த வேலைக்கு ஒப்பந்தம் இல்லை, என்னால் காப்பாற்ற முடியாது என்றேன்.

"உன்னால காப்பாத்த முடியும்னு நான் எப்ப சொன்னேன் ரூடி? நீ தோலை உரி."

மறுநாள் மண்டபத்தில் நல்ல கூட்டம். தார்சன் சோளக்காட்டுப் பொம்மை வேஷத்தில் வந்திருந்தார். சட்டைக் கையிலிருந்து வைக்கோல் நீட்டிக்கொண்டிருந்தது. குழந்தைகளைத் தூக்கிக் கொஞ்சினார். என்னிடம்கூடக் கை குலுக்கி, இன்றைக்கு நோட்டீஸ் ஒன்றும் இல்லையே என்று கேட்டார். இல்லை என்றேன். வெர்னா கறுப்பு உடுப்பில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். இடது கை துணிக்கடியில் இருந்தது. ஜோலீன் குட்டிப் பேய்கள் அடுக்கிய தட்டோடு பிள்ளைகள் நடுவில் நின்றாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

தார்சன் கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். வெர்னா கதையைத் தொடங்கினாள். ஆற்றங்கரையில் ஒருவன் செத்துக் கிடந்தான், அவனைத் தேடி யாரும் வரவில்லை. இதோ அவன் கண். தார்சன் அலறினார், பிள்ளைகள் கைதட்டின. இதோ குடல். நாற்காலியோடு துள்ளினார். மூளையைத் தொட்டதும் என் மூளையைவிடப் பெரிதாக இருக்கிறதே என்றார். பெரியவர்களும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கதவு எந்தப் பக்கம் என்று பார்த்துவைத்துக்கொண்டேன். எதற்கென்று எனக்கே தெரியாது.

பிறகு வெர்னா தன் இடது கையை அவர் கைக்குள் வைத்தாள்.

அவர் அலற வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. குளிரை எதிர்பார்த்த கையில் சூடு. அவர் தடவுவது துணி அசைவதைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது: கட்டைவிரல், அடுத்தது, நடுவிரல், பிறகு வழுவழுப்பான மொட்டை. அங்கே துணி அசைவது நின்றது. கையை உருவப் பார்த்தார். அவள் இருக்கும் விரல்களால் இறுக்கிப் பிடித்தாள்.

"யாரோட கை இது? சொல்லுங்க மிஸ்டர் தார்சன்."

"ஐஸ் உருகிப் போச்சு போல வெர்னா," என்று சிரிக்கப் பார்த்தார்.

"யாரோட கை இது?"

முதலில் பிள்ளைகள்தான் கத்தின, பேர் சொல்லு, பேர் சொல்லு என்று. ரம்பத்து ஆட்கள் தின்பதை நிறுத்தியிருந்தார்கள். கோப்பையைக் கீழே வைக்கிற சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. பெரியவர்கள் பக்கம் அடங்கியதும் பிள்ளைகளும் அடங்கின.  கண்கட்டைத் தார்சனே அவிழ்த்திருக்கலாம், ஒரு கை சும்மாதான் இருந்தது. ஊர்ப் பிள்ளைகள் முன்னால் ஆட்டத்தை முறிக்க அவருக்கு மனம் வரவில்லை.

"உன்னோடது, வெர்னா," என்றார்.

"எங்களுக்குக் கேக்கலை," என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல். யார் என்று இன்றுவரை தெரியாது. தெரிந்தாலும் சொல்ல மாட்டேன்.

"வெர்னாவோட கை," என்று உரக்கச் சொன்னார்.

வெர்னா எழுந்து கட்டை அவிழ்த்தாள். ஒரு விரல் பிஸ்கட்டை அவர் உள்ளங்கையில் வைத்தாள். குரலை உயர்த்தவில்லை.

"இதை ஜோலீன் விரலுக்கு அளவெடுத்துச் செஞ்சேன். திங்கக்கிழமை அவளைத்தான் அங்க நிறுத்துறீங்க. சாப்பிடுங்க."

தார்சன் ஜோலீனைப் பார்த்தார். தட்டைப் பிடித்திருந்த அவள் விரல்களைப் பார்த்தார். பிறகு தின்றார். மண்டபத்தில் பாதாம் உடைகிற சத்தம் கேட்டது. முழுவதையும் தின்றார், அதற்கு நேரம் பிடித்தது. வாயைத் துடைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் வெளியே போனார். வெர்னா அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். பிள்ளைகள் காத்திருந்தனவே.

நான்தான் வெர்னாவையும் ஜோலீனையும் வீட்டில் விட்டேன். பாதி வழியில் ஜோலீன் கேட்டாள்:

"தகடு இருந்திருந்தா?"

"விரல் இருந்திருக்கும்," என்றாள் வெர்னா.

ஞாயிற்றுக்கிழமை ஆலையிலிருந்து யாரும் கூப்பிடவில்லை. தகடு இல்லையென்றால் ரம்பத்தைத் தொட மாட்டேன் என்று ஜோலீன் அன்று தன் வாயால் சொன்னாள். சொல்லிவிட்டு அழுதாள், காருக்காகவும் இருக்கலாம். திங்கட்கிழமை அவள் உள்ளே போனாள். வெர்னா ஏப்ரன் மூட்டைகளுக்கு நடுவில் காது கொடுத்து நின்றாள். ரம்பம் ஓட ஆரம்பித்தது. தகடு இல்லாத ரம்பம் கீச்சென்று கத்தும். இது அடைத்த தொண்டையில் முனகுவது போல ஓடியது. வெர்னா மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். இடைவேளையில் நான் போய்ப் பார்த்தேன். ரம்பத்தில் தகடு இருந்தது, திருகாணிகள் புதுசாக மின்னின.

ஆலை மனம் திருந்தியது என்று சொல்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அந்த ஒரு ரம்பத்துக்குத்தான் தகடு வந்தது. மற்றவற்றுக்கு நாங்கள் வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் துவைக்கும் இடத்தில் ஆள் அதிகம் என்று வெர்னாவை நிறுத்தினார்கள். நான் போராடினேன், தோற்றேன். அவள் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தாள்.

அடுத்த வருஷம் ஆலை விருந்தில் கடை மிட்டாய் கொடுத்தார்கள். கறுப்புத் துணி மேசை சங்க அலுவலகத்துக்கு வந்துவிட்டது. மாவு உருட்டுவது இப்போது ஜோலீன். அளவுக்குத் தன் விரலையே பக்கத்தில் வைத்துக்கொள்கிறாள்.