பலிபீடத்துக்கு மேலிருந்த கிடுகு

ஆகஸ்ட் 9, சனி. ஆறரைக்குத் தேநீர். எட்டு மணிக்கு, இந்த வெளிநாட்டு ஊரின் சென்ட் லோரன்ட் பூங்காவில் பங்குத் திருவிழாப் பூசைக்குக் கூடாரம் கட்டினோம். அக்கா போட்ட முடிச்சுகளை எல்லோரும் புகழ்ந்தார்கள். நனைந்த கயிற்றின் மணத்தோடு பழைய எரிச்சலும் வந்தது.

மன்னாரில் எங்கள் மாதா கோவில் முற்றத்துப் பந்தலுக்கு வீட்டுக்கு வீடு தென்னோலைக் கிடுகு பின்னிக் கொடுப்போம். மிக நேர்த்தியானது பலிபீடத்துக்கு மேலே போகும். ஆண்டுதோறும் அது அக்காவுடையதுதான். பத்து வயதில் எனக்குப் பொறுக்கவில்லை. அவளுடையதை ஒளித்துவிட்டு, என்னுடையதை அவளுடையது என்று சொல்லி அந்த இடத்துக்குக் கொடுத்தேன். பூசை நேரத்து மழை, பலிபீடத்தில் நின்ற சுவாமியார் தலையில் ஒழுகியது.

"நல்ல வடிவாப் பின்னியிருக்கிறாய்," என்று அப்பா அக்காவைத்தான் குத்திக்காட்டினார். பிறகு அவள் பின்னவேயில்லை.

ஞாயிறு காலை, தேநீருக்கு முன்பே அவளைத் தொலைபேசியில் அழைத்தேன். "அக்கா, அண்டைக்கு ஒழுகினது என்ர கிடுகு."

"தெரியும். இனி உன்ரது மேல போகட்டுமெண்டுதான் நான் பின்னுறதை விட்டனான்."