மேலால் பறக்காத குருவி

பொழுது படுமுன் பிள்ளையின் சீலைகளைக் கொடியிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்பது அம்மாவின் கட்டளை. கருக்கல் நேரத்தில் அவற்றுக்கு மேலால் ஒரு குருவி பறந்து போனால், அந்தச் சீலையில் கிடக்கும் பிள்ளைக்குப் பச்சையாய் வயிற்றால் போகும். நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே வரும். அதைப் பட்சி தோஷம் என்பார்கள். நான் விடுதிப் பள்ளியில் படித்தவள். இதையெல்லாம் நம்புவதில்லை என்று சொல்லிக்கொள்வேன். சொல்லிக்கொண்டே சீலைகளையும் எடுத்துவிடுவேன்.

ஒருநாள் மறந்துபோனேன். கச்சான் காற்று அடிக்கும் காலம். பகல் முழுவதும் வெக்கை. பிள்ளையை அணைத்தபடி கண்ணயர்ந்தவள் விழித்தபோது முற்றம் மங்கிவிட்டது. பின்வளவுக்கு ஓடினேன். வேலிக்கு அப்பால் மரமுந்திரிகைத் தோப்பும் ஈச்சம்பற்றைகளும், அதற்கும் அப்பால் வாவியும். சீலைகளை இழுத்தெடுக்கும்போது தோப்புக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. ‘கிக், கிக், கிக்’ என்று மெல்லத் தொடங்கி, வேகம் பிடித்து, கடைசியில் யாரோ தேம்பி அழுவதுபோல நீண்டு அடங்கியது. சீலைகளை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே ஓடிவிட்டேன். பிறகுதான், அவற்றையே பிள்ளைக்குச் சுற்றலாமா என்று யோசித்தேன். மாற்றுச்சீலை வேறு இருக்கவில்லை. சுற்றினேன்.

அன்றிலிருந்துதான் பிள்ளை மெலிந்தாள் என்று அம்மா சொன்னாள். அதற்கு முன்பே மெலிந்துகொண்டிருந்தாளோ என்று எனக்குச் சந்தேகம். எப்படியோ, நாலு மாதப் பிள்ளையின் தொடையில் இருந்த மடிப்புகள் காணாமல் போய்த் தோல் தொங்கியது. கையில் போட்டிருந்த கறுப்பு வளையல் முழங்கைவரை ஏறியது. சீலையெல்லாம் பச்சை. அழுவாள், அழுது களைத்துத் தூங்குவாள், எழும்பி மறுபடி அழுவாள். எனக்கு முன் பிறந்த பிள்ளையொன்றை அம்மா இப்படித்தான் பறிகொடுத்தவள். அதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. பிள்ளையின் காலை அடிக்கடி பிடித்துப் பார்ப்பாள். பிறகு என்னைப் பார்க்காமல் எழுந்து போவாள்.

நானோ ஒரு குறையும் வைக்கவில்லை என்று நினைத்திருந்தேன். பேறு பார்த்த தாதி சொல்லித் தந்தபடி நாலு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, மணிக்கூட்டைப் பார்த்தே பால் கொடுத்தேன். விடுதியில் எழும்ப மணி, சாப்பிட மணி, செபிக்க மணி என்று வளர்ந்தவளுக்குப் பிள்ளை வளர்ப்பிலும் ஒரு மணி இருந்தது பெரிய ஆறுதல். இடையில் அழுதால் தோளில் போட்டு ஆட்டுவேன். மணிக்கூட்டுக்கு முன்னால் நின்று நானும் சேர்ந்து அழுத நாட்கள் உண்டு. நேரத்துக்கு முன்னே கொடுத்தால் பிள்ளையின் குடல் பழுதாகும் என்று தாதி சொல்லியிருந்தாள்.

“வெள்ளக்காரன்ட மணிக்கூட்டுக்கும் எங்கட புள்ளட வயித்துக்கும் என்ன சொந்தம்?” என்பாள் அம்மா.

“மிசி சொன்னவ, அம்மா.”

“மிசி எத்தின பெத்தவவாம்?”

அந்தத் தாதிக்குக் கல்யாணம் ஆகவில்லை.

கடைசியில் அம்மா எங்களை நாட்டு வைத்தியம் பார்க்கும் பரியாரியாரிடம் கூட்டிப்போனாள். அவர் பிள்ளையின் உச்சியைத் தடவி, நாக்கைப் பார்த்து, சீலையையும் விரித்துப் பார்த்தார்.

“பட்சி தோஷந்தான். எந்தப் பட்சி?”

“தெரியாது ஐயா. சத்தம்தான் கேட்டன்.”

“சத்தத்துக்கு நூல் கட்ட ஏலா மகள். காகமெண்டா ஒரு மந்திரம், ஆந்தையெண்டா வேறொண்டு. மாறிச் சொன்னா எனக்கெல்லோ பழி. குருவிய அடையாளம் பாத்து, ஒரு இறகும் எடுத்துக்கொண்டு வா. அதச் சுட்டுப் புகை காட்டித்தான் நூல் கட்டணும்.”

வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னிடம் சொன்னாள், பக்கத்து அறையில் சோறு தின்றுகொண்டிருந்த என் கணவருக்குக் கேட்கும்படியாக. மாமியும் மருமகனும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. “அவருக்கிட்டச் சொல்லு, ஆரிட்டயாவது ஒரு துவக்கு வாங்கி அந்தச் சனியனுக்கு வெடி வைக்கச் சொல்லி.”

உள்ளிருந்து பதில் வந்தது. “மாமிட்டச் சொல்லு புள்ள, நான் துவக்குப் பிடிச்சா முதல்ல சாகிறது நம்மட மாடுதான் எண்டு.”

அவர் பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பவர். சைக்கிளில் வீடு வந்துசேரப் பொழுது பட்டுவிடும். ஆகவே குருவியை அடையாளம் பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. வெயில் சாய்ந்ததும் பின்வேலியடியில் ஒரு பாயைப் போட்டு, கிடுகுகளை விலக்கி ஒரு துவாரம் செய்துகொண்டேன். பிள்ளையைக் கொண்டுபோகக் கூடாது என்றாள் அம்மா. விட்டுவிட்டுப் போனால் பிள்ளை ஊரே திரளும்படி அழுதாள். அம்மா தோற்று, ஒரு வேப்பங்கொத்தைச் சீலையில் செருகி அனுப்பினாள்.

வேலியடியிலும் பிள்ளை அழுதாள். அழுதால் குருவி எப்படி வரும்? வேறு வழி தெரியாமல் மார்பில் போட்டுக்கொண்டேன். நேரமில்லாத நேரம். ஒருநாள்தானே என்று நினைத்தேன்.

முதல் இரண்டு நாளும் சருகையும் மணலையும் தவிர ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள், நான் அவ்வளவு நேரமும் சருகுக் குவியல் என்று நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்த ஒன்று கண்ணைத் திறந்தது. மஞ்சள் கண். அந்த உடம்புக்குப் பொருந்தாத பெரிய கண். அது மெல்ல எழுந்து நின்றது. கோழியளவு உடம்பு, மணல் நிறம், அதில் தவிட்டுக் கீறல்கள். கால்கள் நீண்டு மஞ்சளாக, நடுவில் முழங்கால் வீங்கியதுபோல் இருந்தன. ஒரு காலையும் ஒரு சிறகையும் சேர்த்து நீட்டிச் சோம்பல் முறித்தது. பிறகு தலையைத் தாழ்த்திக்கொண்டு சிற்றடிகளாக ஓடி, சட்டென்று நின்று, மறுபடி சருகாகிவிட்டது. அப்படி நின்றால் எங்கே நிற்கிறது என்று எனக்கே தெரியவில்லை. கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தும் தெரியவில்லை. பொழுது பட்டதும் அந்த அழுகையும் அதே இடத்திலிருந்து எழுந்தது.

கண்ணைப் பார்த்தால் ஆந்தை. காலைப் பார்த்தால் வாவிக்கரைச் சேற்றில் ஓடித் திரியும் உள்ளான். ஆனால் உள்ளான் தோப்புக்குள் என்ன செய்யும்? நான் பார்த்தது சரிதானா என்று இரவெல்லாம் சந்தேகம். மறுநாளும் போனேன். மறுநாளும்.

என் கணவர் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு இங்கிலீசுப் பறவைப் புத்தகம் கொண்டு வந்தார். இரண்டு பேரும் விளக்கடியில் படங்களைப் புரட்டினோம். ஆந்தைகளில் இல்லை. கோழி, கவுதாரிகளில் இல்லை. அவர் கரைப்பறவைகளின் பக்கத்தைத் திருப்பியதும் அந்தக் கண் என்னைப் பார்த்தது.

“இதேதான்!”

“பேரப் பார் புள்ள,” என்று சிரித்தார். “தடிச்ச முழங்கால்! பேர் வைக்கிறதுக்கு வேற ஒண்டும் கிடைக்கல்ல போல.”

உள்ளான்களின் சாதிசனம்தான், ஆனால் நீரோரத்தை விட்டு வறண்ட பற்றைக்காட்டிலும் மரநிழலிலும் வாழ்வது என்று எழுதியிருந்தது. நான் பார்த்ததும் அதுதான். வாவி அவ்வளவு பக்கத்தில் இருந்தும் அது அந்தப் பக்கம் போனதை நான் காணவில்லை. தன் இனசனமெல்லாம் சேற்றில் கூட்டமாய் மேய, இது மட்டும் ஏன் இந்த மணலுக்கு வந்தது என்று கேட்டேன்.

“என்னப்போலதான்,” என்றார். அவர் வாவிக்கு அக்கரையான படுவான்கரைக்காரர், ஊர் பழுகாமம். எங்கள் வழக்கப்படி கல்யாணம் முடித்துப் பெண்ணின் வீட்டோடு இருக்க வாவியைக் கடந்து வந்தவர். “அங்கால பிறந்து இஞ்சால மாப்பிள்ளயா வந்திரிக்கு. மாமியார் துவக்குத் தேடுறது பாவம் அதுக்குத் தெரியாது.”

அடுத்த அறையில் அம்மா கனைத்தாள்.

அதன்பின் வேலியடிக்குப் போகக் காரணம் இருக்கவில்லை. பெயர் தெரிந்துவிட்டது, இறகு ஒன்று கிடைத்தால் போதும். இருந்தும் போனேன். பகலில் அது மரநிழலில் கண்ணை மூடிக் கிடக்கும், பொழுது சாயத்தான் அதற்கு விடியும் என்பதை அறிந்தேன். வண்டு, வெட்டுக்கிளி, ஒருமுறை ஓணான் குஞ்சு ஒன்றையும் பிடித்துத் தின்றது. ஒன்றல்ல, இரண்டு என்பதும் தெரிந்தது. ஆண் எது பெண் எது என்று எனக்குப் பிரித்தறிய முடியவில்லை. ஒன்று எப்போதும் ஒரே இடத்தில் இருந்தது. அது எழுந்த ஒரு கணத்தில் பார்த்தேன்: வெறும் மணலில் இரண்டு முட்டை. கூடு இல்லை. ஒரு துரும்புகூட இல்லை. எனக்குக் கோபம் வந்தது. இதுவும் ஒரு தாயா? விறகு பொறுக்க யாராவது தோப்புக்குள் வந்தால் போதும், ஆள் நெருங்குமுன்பே முட்டைகளை விட்டுக் குனிந்தபடி தூரத்துக்கு நழுவிவிடும்.

பிறகு கவனித்தேன். வந்தவர்கள் எவருக்கும் முட்டை கண்ணில் படவில்லை. ஒருத்தி அவற்றை மிதிக்காத குறையாகக் கடந்து போனாள். அது விட்டுப் போனதால்தான் அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமில்லாமல் போயிற்று. மாட்டிடம் மட்டும் அது அந்த வித்தையைக் காட்டவில்லை. எங்கள் மாடு மேய்ந்துகொண்டே நேரே முட்டைகளை நோக்கி வந்த அன்று அது விலகவே இல்லை. எழுந்து, சிறகை அகல விரித்து, மாட்டின் மூஞ்சிக்கு முன்னால் நின்றது. அந்தச் சிறகின் வெள்ளைப் பட்டையை அன்றுதான் முதலில் பார்த்தேன். மாடு திகைத்து நின்று, மூக்கால் ஊதிவிட்டு, வேறு பக்கம் திரும்பியது. எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது. மடியில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தாள்.

வேலியடியில் மணிக்கூடு அடிப்பது கேட்காது. அவள் குடிப்பாள், தூங்குவாள், எழும்பி மறுபடி குடிப்பாள். ஒருநாள் உள்ளே வந்து மணிக்கூட்டைப் பார்த்தபோதுதான், கொடுக்கக்கூடாத நேரம் முழுவதும் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறேன் என்று உறைத்தது. குடல் பழுதாகிவிடுமே என்று அவள் வயிற்றில் கையை வைத்தபடியே படுத்தேன். வயிறு மெத்தென்றிருந்தது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இதை யாரிடமும் சொல்லவில்லை. குருவியைப் பார்க்கத்தான் போகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டு அடுத்தநாளும் போனேன்.

மரமுந்திரிகையின் கீழ் ஓர் இறகு கிடைத்தது. வெள்ளிக்கிழமை பரியாரியாரிடம் போவதாக இருந்தோம். அன்று காலை கிணற்றடியில் அம்மா கத்தினாள்.

“மனே! இஞ்ச ஓடி வா! மஞ்சளாப் போயிரிக்கா! நல்ல மஞ்சள்!”

பக்கத்து வளவுப் பெண் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். “ஆருக்குகா மஞ்சள் பூசுறீங்க?”

“என்ட பேத்திட சீலைக்கி!” என்று அம்மா அந்தச் சீலையைக் கொடிபோல் தூக்கிக் காட்டினாள். அப்படியே கிணற்றுக்கட்டில் அமர்ந்து அழுதாள். என் அம்மா அழுது நான் பார்த்தது குறைவு.

இருந்தும் போவதாகச் சொன்ன இடத்துக்குப் போகாமல் விட முடியுமா? போனோம். பரியாரியார் இறகை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“உள்ளான்ட இறகு மாதிரி இரிக்கி. சீலைக்கு மேலால பறந்ததா?”

“இல்ல ஐயா. அது நடக்கிறது.”

“நடக்கிறதா?”

“பறக்கத் தெரியும். ஆனா எங்கட வளவுக்கு மேலால பறந்ததை நான் ஒரு நாளும் காணல்ல. இவ்வளவு நாளும் பாத்துக்கொண்டுதான் இரிந்தன்.”

அவர் இறகைக் கீழே வைத்தார். “நடக்கிற குருவி தோஷம் வைக்காது மகள். பின்ன என்னத்துக்கு இஞ்ச வந்த நீ?” பிறகு பிள்ளையின் தொடையைக் கிள்ளிப் பார்த்தார். “நல்லாத்தானே இரிக்கா!” அம்மாவின் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, வந்ததற்கு ஒரு நூலைக் கட்டிவிட்டார். இறகைச் சுடவில்லை.

முட்டைகள் பொரித்தன. ஒரு மாலை குஞ்சு ஒன்றைப் பார்த்தேன். கழுத்தை மணலில் நீட்டித் தட்டையாகக் கிடந்தது. செத்துவிட்டதென்றே நினைத்தேன். தாயோ தகப்பனோ ஒரு சத்தம் கொடுத்ததும் எழுந்து ஓடியது. அதன்பின் அவை அந்த இடத்தில் இல்லை. குடும்பத்தோடு நடந்தே போயிருக்க வேண்டும்.

மாத முடிவில் பிள்ளையை நிறுக்க டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோனேன். அம்மாவும் வந்தாள். தாதி தராசைப் பார்த்து முகம் மலர்ந்தாள்.

“பாத்தீங்களா! நான் சொன்னபடி மணிக்கு மணி குடுத்ததால வந்த வளர்ச்சி.”

அம்மா என் பின்னால் நின்று, நூலைப் பிள்ளையின் சட்டைக்குள் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாள். நூலால்தான் என்று அவள் சாகும்வரை நம்பினாள். எனக்கோ எதனால் என்று தெரிந்தும், தெரியவில்லை என்றே அன்று தோன்றியது. தாதி படித்தவள், நான் ஒரு பிள்ளையைப் பெற்றவள் மட்டும்.

“ஓம், மிசி,” என்றேன்.

பிள்ளை சிணுங்கினாள். தாதி சுவரைப் பார்த்து, “இன்னும் நேரமாகல்ல,” என்றாள். அதற்கும் ஓம் என்றேன். வெளியே வந்து, வாசலில் நின்ற வாகைமரத்தின் கீழ் அமர்ந்து பிள்ளையைச் சேலைக்குள் எடுத்துக்கொண்டேன்.

“மிசி கண்டா ஏசப்போறா, புள்ள,” என்றாள் அம்மா.

“ஏசட்டும்,” என்றேன்.