கணவரின் மீசையும் மகளின் வேலையும்

மேகம் சற்றுக் கறுத்தாலே நான் இன்னும் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடுகிறேன். கொடைக்கானலில் குடியிருப்பவளுக்கு இது உதவாத நோய். இங்கே பாதி நாள் மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிடும்.

எங்கள் ஒரே மகளுக்கு, பூம்பாறை தாண்டி மலைக்குள் இருக்கும் கிளாவரை கிராமத்துப் பள்ளியில் ஆசிரியை வேலை கிடைத்து ஐந்து மாதமாகிறது. திங்கள் காலை பஸ் ஏறினால் வெள்ளி மாலைதான் திரும்புவாள். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானமே மழை பிடித்துக்கொண்டது. ஆறு மணிக்கு வரவேண்டிய பஸ் ஏழாகியும் வரவில்லை. அவள் போனுக்கும் லைன் கிடைக்கவில்லை. பஸ் நிலையத்துக்கு ஓடினேன்.

"பூம்பாறைக்கு இந்தப் பக்கம் மண்ணு சரிஞ்சு கெடக்குங்க. பஸ்ஸு எங்க நிக்குதுன்னு எங்களுக்கே தெரியல. நீங்க வீட்டுக்குப் போங்கம்மா" என்றார் அங்கிருந்த கண்டக்டர்.

எட்டு மணிக்கு மாதா படத்தின் முன் முழங்காலிட்டேன். ஜெபமாலை சொல்லத்தான் ஆரம்பித்தேன். பாதி போவதற்குள் அது பேரமாகிவிட்டது. பிள்ளை முழுசாக வீடு வரட்டும், என் கணவருடைய மீசையைக் காணிக்கையாகத் தருகிறேன் என்றேன். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவர் எடுக்காத மீசை. வெளியே மழை வலுத்தது. மீசை போதாதோ என்று என் தம்பி வளர்க்கும் சேவலையும் சேர்த்தேன். அப்போதும் போன் வரவில்லை. கடைசியில், அவளை இனி அந்த வேலைக்கே அனுப்பமாட்டேன் தாயே என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலை, மண்ணை அள்ளிப் பாதை திறந்ததும், வாசலில் ஒரு காரட் வண்டி வந்து நின்றது. மூட்டைகளின் மேலிருந்து என் மகள் இறங்கினாள். கையில் ஒரு பை நிறைய மலைப்பூண்டு.

"பூம்பாறையிலயே பஸ்ஸ நிறுத்திட்டாங்கம்மா. அங்க சிக்னலும் இல்ல. ஊர்க்காரங்க ஆளுக்கு ரெண்டு பேரா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. எனக்கு ஒரு அக்கா சுடுசோறும் பூண்டுக் குழம்பும் போட்டாங்க. கம்பளி குடுத்தாங்க. நல்லாத் தூங்கினேன். நீ ஏன் இப்படி இருக்க?"

அழுது முடித்து, நேர்ந்துகொண்டதை எல்லாம் சொன்னேன்.

"என் மீசைய யாரக் கேட்டுக் குடுத்த?" என்றார் இவர்.

"மீசை முளைக்கும்ப்பா. என் வேலை முளைக்குமா?" என்றாள் மகள். "ஏம்மா, உன்னோடது ஒண்ணுகூட நேர்ந்துக்கலையா? சீரியலையாவது விட்டிருக்கலாம்ல."

சிரித்தேன். ஆனால் மாதாவிடம் சொன்ன வாக்கை விட மனம் வரவில்லை. அதை மீறி அவளை அனுப்பி, மறுபடியும் மண் சரிந்தால்? ஞாயிறு பூசை முடிந்ததும் மகளோடு பங்குச் சாமியாரிடம் போய் நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் இருமினார்.

"அடுத்தவங்க பொருள நேர்ந்தா செல்லாதும்மா. மீசை அவரோடது, சேவல் தம்பியோடது, வேலை பிள்ளையோடது."

"மாதா கோவிச்சுக்க மாட்டாங்களா ஃபாதர்?"

"நீங்க எத்தன மணிக்கு மீசையக் குடுத்தீங்க?"

"எட்டு, எட்டேகால் இருக்கும்."

"பிள்ளை எப்பச் சாப்பிட்டாளாம்?"

பக்கத்தில் நின்ற மகள், "ஏழரைக்கு" என்றாள்.

"நீங்க கேக்குறதுக்கு முன்னாடியே ஆண்டவர் உலை வச்சிட்டாரும்மா" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்திருந்த ஒரு குழந்தையின் ஞானஸ்நானத்துக்குக் கிளம்பிவிட்டார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. நான் ஏதோ கல்நெஞ்சரிடம் பேசுவதுபோல மீசையையும் சேவலையும் நீட்டிக்கொண்டிருந்த நேரத்தில், என் மகள் இரண்டாம் தடவை குழம்பு வாங்கிச் சாப்பிட்டு முடித்திருக்கிறாள்.

அன்று மாலை இவர் மீசையில்லாமல் வீட்டுக்குள் வந்தார். "நீ குடுத்தது செல்லாது. இது நானா குடுக்குறேன், பிள்ளை வந்து சேர்ந்ததுக்கு" என்றார். மகள் நிமிர்ந்து பார்த்து, "யாருங்க நீங்க?" என்றாள். சேவல் விஷயத்தைத் தம்பியிடம் இன்றுவரை நான் சொல்லவில்லை.

திங்கட்கிழமை வெள்ளனே அவளோடு பஸ் நிலையத்துக்குப் போனேன். தூறல் இருந்தது. ஜன்னல் வழியாக அவள் நெற்றியில் சிலுவை வரைந்தேன். பஸ் கிளம்பியதும், ஆண்டவரே, பார்த்துக்கொள்ளும் என்றேன். அதோடு நிறுத்துவது எனக்குப் பழக்கமில்லை. ஏதாவது தருவதாகச் சொல்ல வாய் இரண்டு தரம் தானாகத் திறந்தது. இரண்டு தரமும் மூடிக்கொண்டேன்.