செக்கர் அக்கா ரேம் வாங்கப் போனது

பஸ்ஸில் டிக்கெட் பரிசோதிக்கும் வேலையில் இருபத்திரண்டு வருஷம் ஓட்டிவிட்ட செக்கர் அக்காவுக்கு, ஆளின் முகத்தைப் பார்க்கும் முன் கையைப் பார்த்துத்தான் பழக்கம். பாஸில் தேதி இருக்கும் இடத்தைக் கட்டைவிரலால் மறைத்து நீட்டுகிறவர்களை ஆயிரக்கணக்கில் பார்த்தவள். காய்க்காரர் எடைக்கு மேல் ஒரு தக்காளி போட்டால்கூட, "எதுக்குப் போடுறீங்க?" என்று கேட்காமல் வாங்கமாட்டாள்.

ஆயுசு முழுக்க பஸ்ஸில் நின்றே போனவள், ஸ்டியரிங் பிடித்தது கம்ப்யூட்டரில்தான். தங்கை வீட்டுக்காரர் புதுசு வாங்கியபோது தள்ளிவிட்ட பழைய கேமிங் கம்ப்யூட்டர் அவளிடம் வந்து சேர்ந்தது. லீவு நாளில் மதியச் சாப்பாடு முடிந்ததும் பஸ் ஓட்டும் விளையாட்டில் உட்கார்ந்துவிடுவாள். எல்லாத் தெருவிலும் வழுக்கிக்கொண்டு போகும் பஸ், மார்க்கெட் பக்கம் திரும்பினால் மட்டும் திக்கித் திக்கி நின்றது. கம்ப்யூட்டரின் நினைவகமான ரேம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று பார்த்தாள். இருந்த நாலு ஜிபியும் விளிம்பு வரைக்கும் நிரம்பியிருந்தது.

மெயின் ரோட்டுக் கம்ப்யூட்டர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனாள். கடைக்காரர் பெட்டியைத் திறக்காமலே, "மதர்போர்டையே மாத்தணும் மேடம்" என்றார்.

"பாக்காமலே எப்படிச் சொல்றீங்க?"

அவர் வேறு வாடிக்கையாளர் பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

விஷயம் கேள்விப்பட்ட தங்கை வீட்டுக்காரர் ரெண்டு ரேமோடு வந்தார். "ஆபீஸ்ல சும்மா கிடந்தது அண்ணி. போட்டுக்கோங்க."

சும்மா என்ற வார்த்தையே அவளுக்கு உறுத்தியது. அவர் போனபின் ஒன்றை எடுத்துப் பழைய ரேம் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அடியில் இருக்கும் வெட்டு ரெண்டிலும் ஒரே இடத்தில் இல்லை. அமுக்கியிருந்தால் ரேம் செருகும் ஸ்லாட் உடைந்திருக்கும்.

"கெடுத்துவிடணும்னே குடுத்திருக்காரு பாருங்க" என்றாள் கணவரிடம்.

விடுதிச் சமையல்காரரான அவர் வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை. "அந்த மனுஷனுக்கு பல்ப் மாட்டவே தெரியாது. அவ்வளவு சூது எங்கிருந்து வரும்?"

கடைசியில், ஒரு கட்டிடத்தின் படிக்கட்டுக்கு அடியில் பழைய பாகங்கள் விற்கும் ஆளிடம் போனாள். அவர் பழைய ரேமைக் கையில் வாங்கி லேபிளைப் படித்தார். மதர்போர்டு நம்பரைக் கேட்டார். அக்கா அதைக் கையில் எழுதியே கொண்டுவந்திருந்தாள்.

"இது டி.டி.ஆர் மூணாம் ரகம். நாலாம் ரகம் போட்டா ஏறாது. ஒரே மாதிரி ரெண்டு நாலு ஜிபி எடுத்து, ஒரே நிற ஸ்லாட்டுல ஜோடியா போடுங்க. மொத்தம் எட்டு. உங்க விளையாட்டுக்குப் போதும்."

"பதினாறு போடக்கூடாதா?"

"போடலாம். தேவையில்ல."

அக்காவுக்குச் சுருக்கென்றது. விற்கிறவன் எங்கேயாவது குறைச்சலாக வாங்கச் சொல்வானா? அவர் நீட்டிய ஜோடியை வெளிச்சத்தில் திருப்பினாள். ஒன்றில் வாரண்டி ஸ்டிக்கரின் ஓரம் லேசாகத் தூக்கியிருந்தது. தேதி திருத்திய பாஸ்களைப் பிடித்த நகம், அதைக் கிளப்பியது. அடியில் இன்னொரு வாரண்டி ஸ்டிக்கர், போன வருஷத்துத் தேதியோடு.

"இது என்ன?"

கடைக்காரர் முகம் கறுத்தது. "ஒருத்தர் திருப்பிக் குடுத்தார். அவர் மெஷினுக்குச் சேரலன்னு நெனச்சு புது ஸ்டிக்கர் ஒட்டிட்டேன்."

"நெனச்சீங்களா, பாத்தீங்களா?"

அவர் அந்த ரேமைச் சோதனை மெஷினில் மாட்டினார். அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு, கண் எடுக்காமல் உட்கார்ந்தாள். அரை மணி நேரம் ஒன்றுமில்லை. தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று அவளுக்கே தோன்ற ஆரம்பித்தது. அப்போதுதான் திரையில் சிவப்புக் கோடுகள் வரிசையாக இறங்கின. பழுது.

"உண்மையிலேயே எனக்குத் தெரியாது அக்கா" என்றார். அந்த ரேமை அவள் முன்னாலேயே இரண்டாக உடைத்துக் குப்பைக் கூடையில் போட்டார். வேறு ஜோடி எடுத்து, முழுசாகச் சோதித்து, வாரண்டியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வீட்டில் மாட்டியதும் எட்டு ஜிபி ஒழுங்காகத் தெரிந்தது. பஸ் மார்க்கெட்டுக்குள் நுழைந்து, மூச்சு வாங்காமல் மறுபக்கம் வெளியே வந்தது. அக்கா அதே தெருவில் நாலு முறை போனாள். பிறகு தங்கை வீட்டுக்குப் போன் போட்டு, "உன் வீட்டுக்காரர் குடுத்தது வேற ரகம். பத்திரமா வச்சிருக்கேன், வந்து எடுத்துக்கச் சொல்லு" என்றாள்.

அடுத்த வாரம் அந்தப் படிக்கட்டுக் கடைக்காரரே போன் செய்தார். "கடையில ரெண்டு டப்பா ரேம் இருக்கு. எது எது ஸ்டிக்கர் மாத்தினதுன்னு எனக்கே குழம்புது. நேரம் இருந்தா வந்து பாத்துக் குடுப்பீங்களா?"

போனை வைத்துவிட்டு அக்கா கணவரைப் பார்த்தாள். "என்னை எதுக்குக் கூப்பிடுறான்? இதுல என்னமோ இருக்கு."

"அப்ப போகாத."

"போகாம எப்படித் தெரியும்?" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.