விளையாடி உடைத்த முழங்கால்

இலங்கையின் மலைநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் எலும்பு மூட்டு டாக்டருக்கு உதவி மருத்துவராக இருக்கிறேன். விளையாட்டில் அடிபட்டு வருகிறவர்களை முதலில் தொட்டுப் பார்ப்பது நான்தான். கட்டுப் போடுவது, தையல் பிரிப்பது, வேலைத்தலத்துக்குக் கடிதம் எழுதுவது எல்லாம் என் பொறுப்பு.

அந்தப் பெண்ணை அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லொறியில் கொண்டுவந்தார்கள். கொழுந்து பறிக்கிறவர். தோட்டங்களுக்கிடையிலான வொலிபோல் போட்டியில் எம்பி அடித்துவிட்டு இறங்கும்போது முழங்காலுக்குள் டப்பென்று சத்தம் கேட்டதாம். தோட்டத்தின் பெயர் போட்ட சட்டையோடுதான் படுத்திருந்தார். ஒரு கையால் தொடையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் காலை முன்னுக்கு இழுத்தேன். நல்ல முழங்காலென்றால் ஓரிடத்தில் தடுக்கும். தடுக்கவில்லை. உள்ளே தசைநார் அறுந்திருந்தது.

"கப்பு எங்களுக்குத்தான் மிஸ்," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

ஒப்பரேஷனுக்கு முறை வர மாதக்கணக்காகும். அதுவரை சரிவில் ஏறக் கூடாது, சுமை தூக்கக் கூடாது, உட்கார்ந்து செய்கிற வேலை கொடுக்கவும் என்று கடிதம் எழுதி, டாக்டரின் கையெழுத்தோடு கொடுத்தனுப்பினேன்.

அடுத்த மாதம் வந்தபோது முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது.

"மலைக்குப் போனீங்களா?"

"கடுதாசியக் குடுத்தேன் மிஸ். வெளையாடி ஒடச்சிக்கிட்டதுக்குத் தோட்டம் என்ன பண்ணும்னு கண்டாக்கு ஐயா கேட்டாரு. கூடைய மாட்டிக்கிட்டு மேல் மலைக்குப் போகச் சொன்னாரு. தண்ணி ஓடுற கான்ல வழுக்கி விழுந்துட்டேன்."

இப்போது முழங்காலுக்குள் இருக்கும் குருத்தெலும்பும் கிழிந்திருந்தது. ஊசியால் இரத்தத்தை இழுத்து எடுத்தேன். டாக்டரிடம் சொன்னேன். "கடிதம் கொடுப்பதோடு நம்ம வேலை முடிஞ்சது," என்றார், அடுத்த நோயாளியின் படத்தைப் பார்த்தபடி. அவர் மீதும் கோபம் வந்தது. என் மீது அதைவிட. கடிதம் போய்ச் சேர்ந்ததா என்று ஒரு தடவைகூட நான் கேட்டிருக்கவில்லை.

சனிக்கிழமை பஸ் ஏறி அந்தத் தோட்டத்து ஆபீசுக்குப் போனேன். மலை வேலையைக் கவனிக்கும் அந்தக் கண்டாக்கு, கதிரை கொடுத்து உட்காரச் சொன்னார். அவர் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் கப்பு பளபளத்தது.

"வேல செய்யும்போது அடிபட்டிருந்தா நாங்க பாத்திருப்போம் மிஸ். இது அவங்க சந்தோசத்துக்கு வெளையாடினது."

"சட்டையில யாரு பேரு இருந்துச்சிங்க?"

அவர் திரும்பிக் கப்பைப் பார்த்தார்.

"கப்ப அவங்க லயத்து வீட்டுக்கா கொண்டு போனாங்க? ஒங்க ஆபீஸ்லதானே வச்சிருக்கீங்க?"

என் குரல் வெளியே கேட்டிருக்க வேண்டும். உள்ளறையிலிருந்து தோட்டத்தை நிர்வகிக்கும் துரை வந்தார். நான் நீட்டிய கடிதத்தின் பிரதியை நின்றபடியே வாசித்தார். கண்டாக்கிடம் சிங்களத்தில், "இது ஏன் என் மேசைக்கு வரல?" என்று கேட்டார். திங்கட்கிழமையிலிருந்து அந்தப் பெண்ணுக்கு, உட்கார்ந்தபடி தேயிலைக் கன்றுகளுக்கு மண் பை நிரப்பும் வேலை என்று துரை சொன்னார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இந்த ஐந்து நிமிட வேலையை யாரும் செய்யாததால் ஒரு பெண் ஒரு மாதம் அறுந்த தசைநாரோடு மலையேறியிருக்கிறார்.

ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் இரண்டாவது காயத்தில் கிழிந்ததைத் தைக்க முடியவில்லை. ஒரு பகுதியை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. இப்போது நடக்கிறார். இறக்கத்தில் பக்கவாட்டாகத்தான் இறங்க முடிகிறது. இனி விளையாட வேண்டாமென்று சொன்னதும் நான்தான். அன்றைக்கு அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

"சரிங்க மிஸ்," என்று மட்டும் சொன்னார்.

இந்த வருடம் அதே கண்டாக்கு போன் பண்ணினார். "போட்டி வருது மிஸ். நம்ம பொண்ணுங்களுக்கு முழங்கால் கட்டிவிட நீங்க வரணும்."

நம்ம பொண்ணுங்க. அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அடிபட்டால் லேசான வேலை தருவோம் என்று துரை எழுதிக் கொடுத்தால் வருகிறேன் என்றேன். கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். இன்னும் சொல்லவில்லை.